ரொக்கக் கிரயமும் எச்சரிக்கையும்

நெசவாளருக்கு வீடு உறையுள்ளும் தொழிற்சாலையுமாம். தறிக்குழி அதனுள்ளேயே இருக்கிறது. விவசாயிக்கு விதையும் விளைச்சலும் காக்கும் இடமும் அதுவே. அத்தகைய வீட்டை விற்க நேரும்போது, "பாங்கிக் கடன் வேண்டியதில்லை, முழுத் தொகையும் ரொக்கமாகவே தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் செய்ய வேண்டுவது யாது? சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் இதனை வினவுவதுண்டு.

கடன் பெற்று வாங்குபவரின் சக்தியைப் பாங்கியே ஆராய்ந்து விடுகிறது. ரொக்கக்காரர் விஷயத்தில் அப்பொறுப்பு விற்பவரைச் சேர்கிறது.

முதலாவதாக, ரொக்கம் என்றதும் நோட்டுக்கட்டை எதிர்பார்த்தல் கூடாது. ஸ்தாவர சொத்து விற்பனைக்காக ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை, முன்பணமாயினும், நோட்டாகப் பெறுவதை, சில விலக்குகள் நீங்கலாக, வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் 1 முதல் தடுத்துள்ளது. மீறிப் பெற்றவருக்கு அத்தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. ஆகவே முன்பணமும் பாங்கி மூலமே வரட்டும்.

இரண்டாவதாக, வாங்குபவர் தம் பாங்கிக் கணக்கின் அண்மை விவரத்தைக் காட்டட்டும். கணக்கு அவர் பெயரில் உள்ளதா, பணம் சில மாதங்களாக நிலைத்திருக்கிறதா, நிரந்தர வைப்பாயின் முதிர்வு நாள் எது என்பவற்றைக் கவனிக்க வேண்டும். பிறர் கணக்கைப் பற்றிப் பாங்கி நமக்கு உரைக்காது. எனவே வாங்குபவருடனேயே கிளைக்குச் சென்று, இருப்புச் சான்று பெறச் செய்தல் நலம். "என் நிலம் விற்றவுடன் தருகிறேன்" என்பவரை ரொக்கக்காரராகக் கொள்ளலாகாது.

மூன்றாவது விஷயமே தலையாயது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, விலையைத் தருவதாக வாக்களித்தாலும் கிரயம் செல்லும். பாக்கி வரவில்லை என்ற காரணத்தால் மட்டும் பதிவான பத்திரத்தை ரத்து செய்ய இயலாதென 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. பாக்கிக்காக வழக்கிடலாம்; வீடு எளிதில் திரும்பாது. "தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ்க் கையெழுத்திட்டு விட்டால் அவ்வழக்கும் கடினமாகும்.

ஆதலின் பதிவு நாளன்று நீட்டப்படும் காசோலையைப் பணமாகக் கருதற்க. டிமாண்டு டிராப்டு ஆயின், அதனை வழங்கிய கிளையிலேயே உறுதி செய்து கொள்க. ரூ. 2 லட்சமும் அதற்கு மேலும் அனுப்ப உதவும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பர் 14 முதல் இரவு பகல் எந்நேரமும் இயங்கி வருகிறது. அதன்வழி பணம் வந்ததாகச் செல்பேசியில் செய்தி வந்தால் மட்டும் போதாது. நம் கணக்கில் வரவு ஏறியதைப் பாங்கியில் கண்ட பின்பே கையெழுத்திடுக. அதுவரை அசல் பத்திரங்களும் சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.

நாணயமுள்ளவர் இவ்விசாரணையால் மனம் வருந்தார். சங்கத்தில் நூலை எடை பார்த்து வாங்குவதை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லையே!