பழைய வாடிக்கையாளருக்கு வட்டி குறைவது எப்போது?

புதிதாக வருபவரைக் குறைந்த வட்டி காட்டி அழைப்பது வங்கிகளின் வழக்கம். ஆனால் ஏற்கெனவே தன்னிடம் கடன்பட்டு மாதந்தோறும் வட்டி செலுத்திவரும் பழைய கிரெடிட் கார்டுதாரருக்கு ஒரு வங்கி தானாகவே வட்டியைக் குறைக்குமானால், அதற்குப் பின்னால் ஏதோவொரு நிர்ப்பந்தம் இருந்தே தீரும். அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது, 19.8 சதவீதம் வசூலித்துவந்த சிட்டிபாங்க், தவணை தவறாத தன் வாடிக்கையாளர்களுக்கு அந்த விகிதத்தைத் தாழ்த்திற்று.

அவ்வளவு உயர்ந்த வட்டியின் வேர் 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. நெப்ராஸ்காவில் இருக்கும் வங்கி, வட்டிக்குக் கடுமையான உச்சவரம்பு விதித்திருந்த மின்னசோட்டாவின் குடிகளிடமும், தன் சொந்த மாகாணம் அனுமதிக்கும் வட்டியையே வாங்கலாம் என்று அந்நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறிது காலத்தில் தெற்கு டகோட்டா தன் வட்டி வரம்பை அறவே நீக்கியது. நியூயார்க்கின் சட்டத்தில் கட்டுண்டிருந்த சிட்டிபாங்க், தன் கார்டு வியாபாரத்தை அங்கே சூ ஃபால்ஸ் நகருக்குக் கொண்டுபோயிற்று.

1980-இன் இறுதியில் 21.5 சதவீதத்தைத் தொட்ட வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி, 1991 நவம்பரில் 7.5 சதவீதத்துக்கு இறங்கியும், கார்டு வட்டி மட்டும் பெரும்பாலும் 18, 19 சதவீதத்திலேயே நின்றது. ஆயிரக்கணக்கான வங்கிகள் கார்டு வழங்கிய ஒரு சந்தையில் இது எங்ஙனம் சாத்தியமாயிற்று? பொருளியல் அறிஞர் லாரன்ஸ் ஆசுபெல் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இதை ஆராய்ந்தார். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிடுவோம் என்று மனப்பூர்வமாக நம்பிக் கார்டு வாங்கும் பலர் வட்டி விகிதத்தைப் பொருட்படுத்துவதில்லை. பிறகு நிலுவை வைத்து வட்டியும் கட்டுகிறார்கள். வட்டியைக் குறைக்கும் வங்கியைத் தேடி வருகிறவர்களோ, கடன் வாங்கியே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர்கள். அவர்களைக் கண்டு வங்கி அஞ்சுகிறது. ஆகவே முதலில் குறைக்க எவரும் துணிவதில்லை. என் அபிப்பிராயத்தில், மனிதரின் நல்லெண்ணமே அவருக்குப் பாதகமாகும் இந்த விசித்திரத்தை இதைவிடத் தெளிவாக விளக்கியவர் இல்லை.

1991 நவம்பரில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கார்டு வட்டி குறையவேண்டும் என்று பகிரங்கமாகக் கூறினார். மறுநாளே செனட் சபை 74-க்கு 19 என்ற வாக்குகளில் உச்சவரம்பு விதிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்த வாரத்திலேயே பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 120 புள்ளிகள் சரிந்தது. திருத்தம் சட்டமாகவில்லை. ஆயினும் உச்சவரம்பு வந்துவிடுமோ என்ற அச்சமும், ஆண்டுக் கட்டணமில்லாத கார்டுடன் 1990-இல் களமிறங்கிய ஏ.டி. அண்ட் டி. முதலிய புதியவர்களின் போட்டியும் சேர்ந்து பெரிய வங்கிகளை இறங்கிவரச் செய்தன.

ஆனால் இச்சலுகை யாருக்குக் கிடைத்தது? வேறு வங்கிக்குத் தம் நிலுவையை மாற்றிக்கொள்ளக் கூடியவர்களுக்கு. 5,000 டாலர் நிலுவை உள்ளவருக்கு ஐந்து சதவீதம் குறைந்தால் ஆண்டுக்கு 250 டாலர் மிச்சம்; அத்தொகை மிக அவசியமாயிருந்த, வேலையிழந்து ஓரிரு தவணைகள் தவறிய குடும்பத்துக்கோ குறைப்பு எட்டவில்லை. இதை வியாபார நியாயம் என்பார்கள். அந்த நியாயம் எனக்குச் சம்மதமன்று.

2009-இல் இயற்றப்பட்ட கார்டு சட்டம் இவ்விடத்தில்தான் கை வைத்தது. வட்டியை உயர்த்திய வங்கி, ஆறு மாதங்களுக்கொருமுறை அவ்வுயர்வின் காரணங்களை மறுபரிசீலனை செய்து, அவை நீங்கியிருந்தால் குறைக்கவேண்டும். 60 நாள் தவறியதற்காகப் பழைய நிலுவைமேல் வட்டி ஏற்றப்பட்டவர், அடுத்த ஆறு மாதங்கள் குறைந்தபட்சத் தொகையை உரிய தேதிகளில் கட்டிவிட்டால், அந்த நிலுவைக்கு முந்தைய வட்டியே மீளவேண்டும். அதற்காக அவர் வங்கியிடம் மன்றாட வேண்டியதில்லை.