அரிப்புக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையின் ஆங்கிலச் சொல் நோட்டுப்புத்தகம் எப்படி இருக்கும்? இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். 'இரோஷன்' என்றால் அரிப்பு. 'கொரோஷன்' என்றாலும் அரிப்பு. 'இட்ச்' என்றாலும் அதே அரிப்புதான். எதுவும் தப்பில்லை. ஆனால் வாக்கியம் எழுதச் சொன்னால் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

ஜொகூர் நீரிணைக் கரையில் அலை மண்ணைத் தின்றால் அது இரோஷன். பக்கத்தில் பழுதுபார்க்க வந்து நிற்கும் கப்பலின் இரும்பை உப்புக்காற்று தின்றால் கொரோஷன். சாயங்காலம் கொசு கடித்தால் வருவது இட்ச். மலாயில் இந்தக் குழப்பம் கிடையாது. ஹக்கிசான், கக்கிசான், காத்தால் என்று மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. புவியியலை மலாயில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில் மலாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போவதே குறுக்குவழி. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அகராதி விளக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றில் காட்டினார்கள். இரோட் என்ற வினைச்சொல்லுக்கு அகராதி தந்த பொருள்களில் ஒன்று 'ஈட் அவுட்'. ஓட்டலில் சாப்பிடுவதையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்ட ஒரு பிள்ளை, எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் ஆகும் என்று எழுதிவிட்டது!

சரி, எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் கொடுத்தால்? அதுவும் கவிழ்த்துவிட்டது. மன்னனின் தம்பி அரியணையை 'யுசர்ப்' செய்யப் பார்த்தான் என்ற வாக்கியத்தைப் படித்த பிள்ளைகள், யுசர்ப் என்றால் எடுப்பது என்று ஊகித்தார்கள். அறையிலிருந்து நாற்காலியை யுசர்ப் செய்தார்கள் என்று ஒரு வாக்கியம் வந்தது. உரிமையில்லாமல் அதிகாரத்தைப் பறிப்பது என்ற பாதியை அந்த ஒரு வாக்கியம் சொல்லவில்லை. விளக்கமும் வேண்டும், வாக்கியமும் ஒன்றுக்கு மேல் வேண்டும்.

விளக்கம் சொல்லும் சொற்கள், விளக்கப்படும் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போலத் தோன்றும். அதைச் செய்து காட்டியவர்களில் முன்னோடி மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்து, வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். 1935இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கினார். இன்றைய மாணவர் அகராதிகள் பலவும் இந்த வழியில் வந்தவையே.

அகராதி நல்லதாக இருந்தாலும் சொல் தலையில் தங்க வேண்டுமே. ஆய்வாளர்கள் கார்ப்பிக்கியும் ரோடிகரும் 2008இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களைக் கற்பித்தார்கள். பொருளை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து 80 விழுக்காடு அளவுக்கு நினைவு வைத்திருந்தார்கள். கேட்பதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோடு நின்றார்கள். மறுபடி மறுபடி படித்தது எடுபடவில்லை. ஆகவே நோட்டைத் திறந்து வாசிப்பதைவிட, வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு தன்னையே கேட்பது மேல். தெரிந்த சொல்லை நாள் தள்ளியும், தடுமாறும் சொல்லை அடிக்கடியும் கேட்டுக்கொள்ளலாம். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் அட்டைப்பெட்டி முறையாகச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ரசாயன ஆலைகள் நிறைந்த பாசிர் கூடாங்கில் சொற்பொருள் தேர்வோடு முடிகிற சமாசாரமும் இல்லை. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான ரசாயனப் பீப்பாயின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதில் 'டேஞ்சர்', 'வார்னிங்' என்ற சொற்களை ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றிப் போட முடியாது. 23 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே ஆவி தீப்பற்றக்கூடிய திரவமென்றால் டேஞ்சர், மலாயில் பஹாயா. 23 முதல் 60 டிகிரி வரை என்றால் வார்னிங், மலாயில் அமாரான். ஊரின் சாதாரண வெயிலே 30 டிகிரியைத் தாண்டும் என்பதால், இப்படித் தீப்பற்றுவதற்காக டேஞ்சர் ஒட்டிய பீப்பாயின் மூடியைத் திறந்தாலே அதன் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.