முதியோரும் மருந்தின் விலையும்

காய்ச்சலுக்கு மருந்து வாங்கியவர் சில நாளில் அச்செலவை மறந்துவிடுவார். உயர் குருதியமுக்கமோ நீரிழிவோ உற்ற முதியவரின் நிலை அவ்வாறன்று. அவர் உட்கொள்ளும் குளிகை நோயை அடக்கிவைப்பது; அறவே நீக்குவதன்று. ஆதலால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அதனை உட்கொள்ள நேர்கிறது. அரிசி, மண்ணெண்ணெய் போல அதுவும் வீட்டின் மாதச் செலவுகளுள் ஒன்றாகிவிடுகிறது.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகள் மருந்தை இலவசமாகவே வழங்குகின்றன. இது எல்லா நாட்டு வறியோர்க்கும் வாய்க்காத பேறு. எனினும், மருந்து கையிருப்பில் இல்லையென்று வெளியில் வாங்குமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்படும்போது, அப்பேறு வைத்தியசாலை வாயிலோடு நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் பலர் இத்தகைய துண்டுகளுடன் மருந்துக் கடைகளுக்கு அலைய நேர்ந்தது.

நாட்டுக்கு வேண்டிய மருந்துகளிற் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது. அதன் விலை டொலரிற் செலுத்தப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. மார்ச்சில் மருந்து விலையை 29 வீதம் உயர்த்த இடமளிக்கப்பட்டது. ஏப்பிரில் இறுதியில் 60 வகை மருந்துகளின் உச்ச விலை 40 வீதம் உயர்த்தப்பட்டது. 100 ரூபா மருந்தொன்றின்மேல் இவ்விரண்டும் அடுத்தடுத்து ஏறினால், விலை 180 ரூபாவைக் கடக்கும். 2023 ஜூனில் 60 வகை மருந்துகளின் விலை 16 வீதம் குறைக்கப்பட்டது. அக்குறைப்பின் பின்னும் மேற்கூறிய மருந்து 150 ரூபாவுக்குக் கீழிறங்காது. ஏறியதும் இறங்கியதும் வீதக் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றினும், பணப்பைக்கு அவை ஒன்றல்ல. நெருக்கடி தொடங்கியபோது, 70 வயது கடந்த வறியோருக்கான அரசாங்கக் கொடுப்பனவு மாதம் 2,000 ரூபாவே.

கைப்பணம் போதாதவர் குளிகையைப் பாதியாக உடைக்கிறார். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்கிறார். குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு காட்டாமலே உயர்வதால், குறைத்து உண்பதன் கேடு உடனே தெரிவதில்லை. பாரிசவாதமாகவோ சிறுநீரகப் பழுதாகவோ அது பின்னர் வெளிப்படலாம். மிச்சம்பிடித்த பணம் அப்போது எம்மூலைக்கு?

மருந்து விலையைத் தணிக்கும் வழியொன்றை இந்நாடு முன்னரே கண்டிருந்தது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்படுவதைப் பேராசிரியர் சேனக்க பிபிலே எடுத்துக்காட்டினார். அவரைத் தலைவராகக் கொண்டு 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மருந்துகளைப் பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் மொத்தமாக வாங்குவதே அதன் முறை. அதன் ‘ஒசுசல’ கடைகள் இன்றும் உள்ளன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் மருந்துச்சீட்டிற் பொதுப்பெயரை எழுதுமாறு வைத்தியர்களைப் பணிக்கிறது.

ஆகவே, அதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் உண்டா என்று மருந்துக் கடையிற் கேட்பதில் நாணத்துக்கு இடமில்லை. வலிப்புநோய் மருந்து போன்ற சிலவற்றை மட்டும் வைத்தியரைக் கேளாது மாற்றலாகாது. பொதுப்பெயர் பெட்டியின்மீது வணிகப் பெயரினருகே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முதியவர் கண்ணுக்கு அது புலப்படாவிடின், வீட்டிலுள்ள பேரப்பிள்ளை வாசித்துத் தாளில் எழுதிக்கொடுக்கலாம்.