ஈரல் காட்டும் குறி

கல்லீரற் புற்று நெடுநாள் வலியின்றி வளர்வது. வலி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆதலால் குருதியில் அதன் குறியை அறிஞர் தேடினர்.

கருவிலுள்ள சுண்டெலியின் குருதியில் காணும் ஒரு புரதம், ஈரற்புற்றுக் கொண்ட முதிர்ந்த எலியிலும் இருத்தலை 1963இல் மாஸ்கோவில் அபெலெவ் கண்டார். அடுத்த ஆண்டே தத்தாரினோவ் அதனை மனித நோயாளியிடத்தும் கண்டார். ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்பது அதன் பெயர். கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் இதனைச் சுரக்கும். பிறந்தபின் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். புற்றணுக்களோ ஈரல் மறந்த பழக்கத்தை மீண்டும் தொடங்குகின்றன!

ஆயினும் இச்சாட்சி ஒன்றையே நம்பலாகாது. சிறு கட்டிகள் பலவற்றில் அதன் அளவு உயர்வதில்லை. ஈரல் அழற்சியிலும், கருவுற்ற மகளிரிடத்தும் உயர்வதுண்டு. எனவே ஈரல் சுருங்கும் நோயுடையோர், வலி இல்லாவிடினும், ஆறு திங்களுக்கு ஒருமுறை இரத்தச் சோதனையுடன் ஸ்கேன் படமும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பர் மருத்துவர்.