கிரைண்டர் உறுமினால் உடனே நிறுத்துங்கள்

மாவு பாதி அரைபட்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. திரும்பி வரும்போது வோல்டேஜ் குறைவு. கிரைண்டர் உறுமுகிறது, கல் சுற்றவில்லை. காயில் கருகுவதற்கு இதைவிட ஏதுவான நேரம் இல்லை.

கிரைண்டரில் உள்ள சிங்கிள் பேஸ் மோட்டாருக்குத் தானாகச் சுழலத் தொடங்கும் விசை கிடையாது. துணைக் காயிலும் கண்டன்சரும் சேர்ந்துதான் அந்த முதல் தள்ளலைத் தருகின்றன. அந்தத் தள்ளல் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் 180 ஆனால் சுமார் 61 சதவீதம்தான் மிஞ்சும். கெட்டி மாவு நிறைந்த பாத்திரத்தை அசைக்க அது போதாமல் போகலாம்.

150 வாட் மேசை கிரைண்டர் ஓடும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் எடுக்கும். சுழற்சியே மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதால், மோட்டார் நின்றுபோனால் அது பல மடங்கு கூடும். காயிலில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 சதவீதம் கூடினாலே வெப்பம் 44 சதவீதம் கூடும். 4 மடங்கானால் 16 மடங்கு. குளிர்விக்கும் விசிறியும் தண்டோடு சேர்ந்து நின்றிருக்கும்.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர் அளவு உண்மையில் ஒரு வெப்ப எல்லை. காப்பர் கம்பியின் எனாமல் பூச்சும் காப்புத் தாளும் தாங்கும் வெப்பநிலையை வைத்தே அதைக் கணக்கிடுகிறார்கள். பி வகைக் காப்புக்கு அது 130 டிகிரி செல்சியஸ், எஃப் வகைக்கு 155. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஆகவே அளவு மீறி ஓடிய மோட்டார் அன்றே எரியாவிட்டாலும் ஆயுளில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது.

வீட்டு எம்சிபி காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. 16 ஆம்பியர் எம்சிபி சுவருக்குள் போகும் ஒயரைக் காக்க வைத்தது. 4 ஆம்பியரில் வெந்துகொண்டிருக்கும் மோட்டார் அதற்குத் தெரியாது. மோட்டாரைக் காப்பது அடிப்பக்கத்துச் சிவப்பு ஓவர்லோடு பட்டன். அதனுள் ஒட்டியிருக்கும் இருவேறு உலோகத் தகடுகள் சூட்டில் வெவ்வேறு அளவு விரிவதால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கின்றன.

மின்சாரம் போனதும் சுவிட்சை அணையுங்கள். வந்த பிறகு மாவைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, தண்ணீர் சேர்த்து ஓட்டுங்கள். பட்டன் இணைப்பைத் துண்டித்தால் மோட்டார் நன்றாக ஆறிய பிறகே அழுத்துங்கள். மீண்டும் மீண்டும் துண்டித்தால் சுமை, வோல்டேஜ், கண்டன்சர், பேரிங் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டனை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். காயில் கட்டும் செலவோடு, தீ விபத்தையும் தடுப்பது அந்தச் சிறு பட்டன்தான்.