சிங்கூர் ஆய்வைப் படிக்கச் சிங்கூர்க்காரர் எங்கே போவார்?

கொல்கத்தாவிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், ஹூக்ளி மாவட்டத்தில் இருக்கிறது சிங்கூர். டாடா நானோ கார் தொழிற்சாலைக்காக மேற்கு வங்க அரசு 2006-ல் அங்கே 997 ஏக்கரைக் கையகப்படுத்தியது. நிலக்காரர்களில் கணிசமானோர் இழப்பீட்டுக் காசோலையைத் தொட மறுத்தார்கள். 2008 அக்டோபரில் டாடா குஜராத்தின் சானந்துக்குக் கிளம்பியது. 2011-ல் இடதுசாரி ஆட்சி கவிழ்ந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. இவ்வளவும் ஊரறிந்த கதை. ஆனால் அத்தனை பேர் ஏன் காசோலையை மறுத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு கட்சியும் தனக்குத் தோதான பதிலை வைத்திருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடி சிங்கூர்க் கிராமங்களில் வீட்டுவாரிக் கணக்கெடுப்பு நடத்தியவர்கள் நான்கு பொருளியலாளர்கள்: மைத்ரீஷ் கட்டக், சந்தீப் மித்ரா, திலீப் முகர்ஜி, அனுஷா நாத். மித்ரா கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்தவர். மற்றவர்கள் லண்டனிலும் பாஸ்டனிலும் இருந்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2013 மே மாதம் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளிவந்தது.

அதில் கிடைத்த விடை கோஷங்களைவிடச் சுவாரசியமானது. நம்மூரில் நஞ்சை, புஞ்சை என்பதுபோல அங்கே நிலத்தை ‘ஷாலி’, ‘சுனா’ என்று பிரிப்பார்கள். ஷாலி என்பது ஒருபோகம் விளையும் தாழ்வான நெல்வயல். சுனா மேட்டு நிலம், பலபோகம் விளைவது. அரசு ஷாலிக்கு ஏக்கருக்கு எட்டு லட்சத்துச் சொச்சமும், சுனாவுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேலும் விலை வைத்தது. சராசரியாகப் பார்த்தால் சந்தை விலையை ஒட்டிய தொகைதான். சிக்கல் பதிவேட்டில் இருந்தது. ஆழ்குழாய்க் கிணறு வந்து இரண்டு மூன்று போகம் விளையத் தொடங்கிய பல வயல்கள் ஏட்டில் பழையபடி ஷாலியாகவே கிடந்தன. சாலையோர நிலத்துக்கும் உள்ளே தள்ளிக் கிடந்த நிலத்துக்கும் ஏடு வித்தியாசம் பார்க்கவில்லை. நல்ல நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைத்தது. அவர்களே காசோலையை மறுக்க அதிக வாய்ப்பு இருந்தது என்பதையும் கணக்கெடுப்பு காட்டியது. நாளை எந்த ஊரில் நிலம் எடுத்தாலும் தாசில்தார் முதலில் படிக்க வேண்டிய செய்தி இது.

படிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த வார இதழைப் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். அவர்களில் இருவர் 2014-ல் இதே பொருளில் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரை எல்செவியர் பதிப்பகத்தின் ‘ஜர்னல் ஆஃப் டெவலப்மென்ட் எகனாமிக்ஸ்’ இதழில் இருக்கிறது. இத்தகைய இதழ்களில் ஒற்றைக் கட்டுரையின் விலையே முப்பது நாற்பது டாலர். ஆனாலும் சிங்கூர் விஷயத்தில் வாசகருக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஆசிரியர்கள் முன்வரைவை ஆய்வுத்தாளாகப் பல்கலைக்கழகத் தளங்களில் போட்டிருக்கிறார்கள். காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

கொல்கத்தாவின் நிலம், வீடு பற்றிய எல்லா ஆய்வுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அந்த நகரத்திலேயே பிறந்த அனன்யா ராய், புறநகர் விரிவாக்கத்தை ஆராய அரசு அலுவலகங்களில் வரைபடம் தேடி அலைந்தவர். தெளிவான வரைபடம் இல்லாமலிருப்பதே ஆட்சியாளர்களுக்கு வசதி, வேண்டும்போது நிலத்தைக் கைமாற்ற அதுவே வழி என்ற முடிவுக்கு வந்தார். 2003-ல் அது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பதிப்பக நூலானது. இந்திய நகரங்களைத் திட்டமிட முடியாமல் போவது ஏன் என்று 2009-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை சேஜ் நிறுவனத்தின் ‘பிளானிங் தியரி’யில் வந்தது. அதுவும் சந்தா இதழ்தான். கொல்கத்தாவை ஒட்டிய ராஜர்ஹாட்டில் வயலும் ஏரியும் நியூ டவுன் ஆன கதையை ரணபீர் சமாத்தாரும் வேறு இருவரும் எழுதிய நூல் 2013-ல் ரூட்லெட்ஜ் வெளியீடாக வந்தது. நல்லவேளை, சமாத்தாரின் கல்கத்தா ரிசர்ச் குரூப் தன் ஆய்வுத்தாள்களை ‘பாலிசீஸ் அண்ட் பிராக்டிசஸ்’ வரிசையில் இணையத்தில் இலவசமாக வைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மேற்கு வங்க நிலத்துறையின் ‘பாங்ளார்பூமி’ தளத்தில் பிளாட் எண்ணைத் தட்டினால் அந்த நிலத்தின் பதிவு வந்துவிடும். பதிவு திறந்திருக்கிறது. அந்தப் பதிவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் ஆய்வின் இதழ்ப் பதிப்புக்குத்தான் பூட்டு.

இந்தப் பூட்டைத் திறக்கும் முயற்சிக்குப் பெயர் ‘ஓப்பன் ஆக்சஸ்’. 2002-ன் புடாபெஸ்ட் அறிக்கை அதற்கு உருவம் கொடுத்தது. வாசகரிடம் காசு வாங்காதே என்பது சாரம். பெரிய பதிப்பகங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன: வாசலில் வாங்கிய டிக்கெட் காசை மேடையேறுபவரிடம் வாங்கிக்கொள்வது. ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட ஆசிரியர் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கட்ட வேண்டும். மூவாயிரம் டாலர் என்றால் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஏழை நாடுகளுக்கு விலக்கு உண்டு என்பார்கள். பல பதிப்பகங்கள் அந்த விலக்கை ‘ரிசர்ச் ஃபார் லைஃப்’ பட்டியலை வைத்துத் தருகின்றன. பொருளாதாரம் பெரியது என்பதால் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. வளரும் நாட்டு நிலச்சந்தையைப் பற்றி எழுதுகிறவர், வளரும் நாட்டுக்காரருக்கான சலுகை தனக்கில்லை என்று தெரிந்துகொள்ளும் இடம் இது.

இந்த இடுக்கில் புகுந்தவைதான் சில ஆயிரம் ரூபாய்க்கு எதையும் அச்சேற்றும் போலி இதழ்கள். அவற்றில் எழுதியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள் என்று 2015-ல் ஷென், பியோர்க் ஆகியோரின் ஆய்வு கணித்தது. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. ‘இலவசமாகக் கிடைக்கும் ஆய்வு இரண்டாந்தரம்’ என்ற எண்ணம் பேராசிரியர்களிடம் வேரூன்ற இவையும் ஒரு காரணம். அந்த எண்ணம் தவறு. ஆப்பிரிக்க நில, வீட்டுச் சந்தைக்கென்றே வரும் ‘ஜர்னல் ஆஃப் ஆப்பிரிக்கன் ரியல் எஸ்டேட் ரிசர்ச்’ கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. பல்கலைக்கழக நூலகமே இதழ் நடத்தினால் பதிப்பகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டியதில்லை. கொல்கத்தாவுக்கு இது புதிதும் அல்ல. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1933-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்தே ‘சாங்க்யா’ இதழைத் தொடங்கி உலகத்தரத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அதுவும் ஸ்பிரிங்கரின் தளத்தில்.

மத்திய அரசு வேறு பாதையில் போகிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரி மாணவிக்கு இது பெரிய வரம்தான், மறுக்க வேண்டாம். ஆனால் கொல்கத்தாவில் ஃபிளாட் வாங்கி ஏமாந்தவர்களும் உண்டே. மாநில அரசின் தனி வீட்டுவசதிச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய், 2021 மே 4 அன்று அது செல்லாது என்று தீர்ப்பு வாங்கியது வீடு வாங்குவோர் அமைப்பு ஒன்று. அப்படிப்பட்டவர்களுக்கும், நிருபருக்கும், வக்கீலுக்கும் இந்தச் சந்தாவில் இடமில்லை.

மலிவான வழி ஏற்கெனவே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் பல ஆண்டுகளாக வற்புறுத்துவதும் அதுதான்: இதழில் எங்கே வேண்டுமானாலும் வெளியிடு, உன் இறுதி வரைவை உன் கல்வி நிறுவனத்தின் சேமிப்பகத்தில் போட்டுவிடு. பெரும்பாலான பதிப்பகங்கள், பல சமயம் ஒரு காத்திருப்புக் காலத்தோடு, இதை அனுமதிக்கின்றன. சிங்கூர் ஆய்வு நமக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். பொதுப்பணத்தில் நிலம், வீடு பற்றி ஆராய்கிறவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை வாசகர் ஒன்று செய்யலாம். நாற்பது டாலர் கேட்கும் பக்கத்தைக் கண்டதும் மூடிவிட வேண்டாம். கட்டுரைத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு, ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் தட்டிப் பாருங்கள். பல நேரங்களில் ஆசிரியரின் வரைவு அங்கே இருக்கும். இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். தன் கட்டுரையின் பிரதியைக் கேட்டவருக்கு அனுப்பப் பொதுவாக அவருக்கு உரிமை உண்டு, பெரும்பாலோர் மகிழ்ந்து அனுப்புகிறார்கள்.