பொருந்தும் உதிரி, தாங்காத எஃகு

முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏந்திய எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளைப் பழைய உதிரிகளைத் தேடிச் சேர்த்து மீட்டெடுப்பவர்கள் அந்நாட்டில் நிறையப் பேர். ஒன்றின் குழல், இன்னொன்றின் போல்ட், எங்கோ கிடைத்த மரக்கட்டை என்று கூட்டினால் முழுத் துப்பாக்கி கிடைத்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும்படிதான் அவை செய்யப்பட்டன. ஆனால் பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. குழலையும் போல்ட்டையும் பிடித்து நிற்கும் ரிசீவரைப் பொறுத்தவரை, அளவு சரியாக இருப்பது மட்டும் போதாது. அந்த எஃகு உலையில் பட்ட பாடும் தெரிந்தாக வேண்டும்.

அளவுப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. தோட்டா அறையின் தோள்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். இந்த ரைஃபிளின் .30-06 தோட்டாவுக்கு அது 1.940 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 1.950 அங்குல அளவுகோலை வைத்தால் போல்ட் மூடவே கூடாது. நடுவில் இருக்கும் இடம் கால் மில்லிமீட்டர்தான். தேய்ந்த போல்ட் தேய்ந்த ரிசீவரில் சேரும்போது அந்தக் கால் மில்லிமீட்டர் தாண்டிப்போகலாம். வெடிக்கும் நேரத்தில் பித்தளைக் கூடு நீண்டு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்துக்குப் பாயும். இதை அளந்து கண்டுபிடித்துவிடலாம், வேறு போல்ட் போட்டுச் சரிசெய்துவிடலாம். எஃகின் உள்ளே இருக்கும் குறையை எந்த அளவுகோலும் காட்டாது.

1917இல் ரிசீவர்கள் வெடித்துச் சிதறியபோது காரணம் தேடியவர்கள் உலைக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அனுபவமுள்ள தொழிலாளர்கள் எஃகின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணித்துவந்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் சிவந்த எஃகு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடேறட்டும் என்று விட்டுவிடுவார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, மேகமூட்டமான நாளில் சரியென்று பட்ட சூட்டைவிட இது 300 ஃபாரன்ஹீட் டிகிரி வரை கூடுதலாக இருந்தது தெரிந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஆயுதத் துறை அதிகாரி ஜூலியன் ஹாட்சர் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அப்படிக் கருகிய எஃகு கடினமாகவே இருக்கும், ஆனால் அடி தாங்காது. 1918இல் வெப்பமானியோடு இரட்டைப் பதமிடும் முறை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000, ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507 என்ற வரிசை எண்கள் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் எல்லைக்கோடாயின.

எல்லைக்குக் கீழே 10 லட்சத்துக்கும் மேல் செய்திருக்க, ஹாட்சரின் பட்டியலில் உடைந்தவை 68தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கருகியது எது, நல்லது எது என்று உடைக்காமல் பிரித்தறிய வழியில்லாததுதான் சிக்கல். சோதனைத் தோட்டாவைத் தாங்கிய ரிசீவர்களும் பிறகு உடைந்திருக்கின்றன. நொறுங்கும் எஃகு முன்கூட்டி வளைந்து எச்சரிக்காது. மறுபடி பதமிட்டால் போதாதா என்றால், கருகும் அளவு சூடான எஃகில் அதன் நுண்படிக மணிகளின் ஓரங்களே கெட்டுப்போயிருக்கும்; எந்த உலையும் அதைத் திருப்பித் தராது. 1927இல் ராணுவக் குழுவொன்றே எல்லைக்குக் கீழான ரிசீவர்களை விலக்கச் சொன்னது. வாங்கியாயிற்றே என்று தயங்குபவர்கள் அப்படிப்பட்ட துப்பாக்கியைச் சுடாமல் காட்சிக்காக மீட்டெடுக்கலாம். வரலாறாக அதன் மதிப்பு குறையாது. எதுவானாலும், குழலும் கட்டையும் தேடிக் கிளம்புமுன் ரிசீவரின் முன்வளையத்தில் எண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்து, எண்ணைப் படித்துவிட வேண்டும்.